ஓடியவர் பேசாத படம்

(ஊக்கமருந்து பற்றிய ஆவணப்படங்களில் பிரதிநிதித்துவம் குறித்துப் புதுச்சேரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கலை இலக்கியத்துக்கான மேடையில் ஊக்கமருந்துக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். நம்மில் மிகப் பெரும்பாலோர் ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் ஆய்வகத்தைப் பார்த்ததில்லை. விசாரணைக் கூடத்துக்குள் நுழைந்ததில்லை. ஒரு வீராங்கனை ஏமாற்றினாரா, ஏமாற்றப்பட்டாரா என்று நாம் முடிவு செய்வது ஒரு செய்தியை வைத்து, ஒரு படத்தை வைத்து. கேமரா யாருக்கு எதிரே வைக்கப்பட்டது, மைக் யாரிடம் நீட்டப்பட்டது என்பதே நம் தீர்ப்பைப் பாதி எழுதிவிடுகிறது. எனவே இது கலையைப் பற்றிய கேள்விதான்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடியவர் தம் வாயால் தம் மொழியில் பேசாத ஊக்கமருந்துப் படம், எவ்வளவு துணிச்சலாக எடுக்கப்பட்டிருந்தாலும், விசாரணையைப் பாதியில் நிறுத்திவிட்ட படம். நம் ஊர்ப் பெண்களின் கதைகள் இன்னும் அந்தப் பாதியையும் எட்டவில்லை.

இரண்டு படங்கள்

ஊக்கமருந்து பற்றிய ஆவணப்படம் என்றதும் உலகம் முழுவதும் முதலில் நினைவுக்கு வருவது பிரையன் ஃபோகெல் இயக்கிய ‘இக்காரஸ்’. 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 2018 மார்ச்சில் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. அமெச்சூர் சைக்கிள் பந்தய வீரரான ஃபோகெல், மருந்து எடுத்துக்கொண்டு சோதனையில் சிக்காமல் தப்ப முடியுமா என்று தம் உடம்பிலேயே பரிசோதிக்கத் தொடங்குகிறார். அதற்கு வழி சொல்லும் ஆலோசகராக வருகிறார் மாஸ்கோ ஆய்வகத்தின் இயக்குநர் கிரிகோரி ரோட்சென்கோவ். போகப்போக ரோட்சென்கோவே படமாகிவிடுகிறார். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஆய்வகச் சுவரில் போட்ட துளை வழியாக இரவில் சிறுநீர்ப் புட்டிகள் கைமாறிய கதையை அவர் சொல்லும்போது நாம் திகைத்துப்போகிறோம்.

மிக முக்கியமான படம் அது. ஆனால் அதன் நடுவில் இருப்பவர்கள் இரண்டு ஆண்கள்: ஒருவர் படம் எடுப்பவர், மற்றவர் ஆய்வக அதிகாரி. யாருடைய சிறுநீர் புட்டியில் இருந்ததோ அவர்கள் பட்டியலில் வரும் பெயர்கள்தாம். இதனால் என்ன குறை என்று கேட்டால் ஒரு தேதியைச் சொல்வேன். அந்தப் படம் ஆஸ்கர் வாங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, 2018 பிப்ரவரி 1 அன்று, லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் சோச்சி வழக்கில் தண்டிக்கப்பட்ட ரஷ்ய வீரர்களில் 28 பேர் மீதான தண்டனையை நீக்கியது. அவரவர் மீது தனித்தனியே போதிய ஆதாரம் இல்லை என்பது மன்றத்தின் முடிவு. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று மன்றம் சான்றளிக்கவில்லை. ஆனாலும் ஓர் அமைப்பு குற்றம் செய்தது என்று நிறுவுவதும், இந்த மனிதர் குற்றம் செய்தார் என்று நிறுவுவதும் வேறு வேறு என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. அந்த இடைவெளியில் நிற்கும் மனிதர்களைப் படம் சந்திக்கவே இல்லை.

‘இக்காரஸ்’ வருவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு படம் வந்திருந்தது. 2014 டிசம்பரில் ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சிக்காக ஹாயோ செப்பெல்ட் எடுத்தது. ரஷ்யத் தடகளத்தை 2015 நவம்பரில் உலக அரங்கிலிருந்து விலக்கி வைக்கும் வரை கொண்டுபோனது அந்தப் படம்தான். அதில் பேசியவர் யூலியா ஸ்டெபனோவா. 800 மீட்டர் ஓட்டக்காரர். தாமே மருந்து எடுத்தவர். இரண்டாண்டுத் தடை அனுபவித்தவர். அவரும், ரஷ்ய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பில் வேலை பார்த்த அவர் கணவரும் சேர்ந்து உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். யூலியா தம் போனில் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடல்களே படத்தின் வலுவான சாட்சியங்கள். பிறகு கணவனும் மனைவியும் நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.

இரண்டு படங்களும் ஒரே நாட்டின் ஒரே மோசடியைப் பற்றியவைதாம். ‘இக்காரஸ்’ பார்த்தபின் ஆய்வகம் எப்படி ஏமாற்றியது என்று தெரிகிறது. ஸ்டெபனோவாவைக் கேட்டபின், ஓர் இளம்பெண்ணிடம் அவள் பயிற்சியாளர் மாத்திரையை எப்படிக் கொடுக்கிறார், அவள் ஏன் மறுக்கவில்லை, மறுத்தால் அணியில் என்ன நடக்கும் என்பதும் தெரிகிறது. அடுத்த தலைமுறைப் பெண்ணைக் காப்பாற்ற உதவும் அறிவு இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

இரண்டு சுற்று ஓட்டம்

800 மீட்டர் என்பது மைதானத்தில் இரண்டு சுற்று. ஊக்கமருந்தும் பெண் உடலும் பற்றிய உலகச் சண்டை பெரும்பாலும் இந்த இரண்டு சுற்றுக்குள்ளேயே நடந்திருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தில் தங்கம் வென்ற மரியா சவினோவா, ஸ்டெபனோவாவின் ரகசியப் பதிவில் மருந்து பற்றிப் பேசிச் சிக்கியவர். 2017-இல் அவர் பதக்கம் பறிக்கப்பட்டுத் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்குப் போனது. அந்தச் செமன்யாவோ எந்த ஊக்கமருந்தும் எடுக்காதவர். உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்காகவே பின்னர் அந்த ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கை லோசான் மன்றம் 2019 மே 1 அன்று தள்ளுபடி செய்தது.

அதே ஓட்டத்தில் நம்மவர் இருவர் உண்டு. இருவரும் வென்றதும் பின்னர் இழந்ததும் தோஹா நகரத்துப் பதக்கத்தைத்தான். ஒருவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 ஆசிய விளையாட்டில் வெள்ளி. மற்றவர் திருச்சி அருகே முடிகண்டம் கோமதி மாரிமுத்து. 2019 ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம். இந்த இரு கதைகளையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊடகங்கள் பிரித்துச் சொல்லவில்லை.

கோமதியின் வழக்கு

2019 ஏப்ரல் 22 அன்று 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி முடித்தார் கோமதி. அடுத்த நாள் தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. பேருந்து வசதி குறைந்த கிராமம், மறைந்த தந்தை, பழைய காலணி என்று அவருடைய வறுமையைத் தேடித்தேடிப் படம் பிடித்தார்கள். கட்சிகளும் நடிகர்களும் பரிசுத்தொகை அறிவித்தார்கள். ஒரு மாதம் ஆகவில்லை. நான்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டின் தடயம் அவர் மாதிரியில் இருந்ததாகச் செய்தி வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். பதக்கம் பறிக்கப்பட்டது, நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது.

தோஹாவுக்குப் போவதற்கு முன்பே, மார்ச் மாதம் பட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் அவரிடம் மாதிரி எடுக்கப்பட்டிருந்தது. அந்த மாதிரியிலேயே சிக்கல் இருந்தது. முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்குப் போயிருக்கவே மாட்டார். அவ்வளவு உயரத்தில் ஏற்றி அவ்வளவு பேர் பார்க்கக் கீழே தள்ளியிருக்கவும் முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா நிறுத்திவைத்தது. மீண்டும் அங்கீகாரம் கிடைக்க 2021 டிசம்பர் ஆயிற்று. ஆய்வகத்தின் தடையைப் பற்றி நம் தொலைக்காட்சிகளில் எத்தனை விவாதம் நடந்தது? ஓட்டக்காரரின் முகம் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். உடம்பில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்கிறது உலக விதி. அந்த விதி இல்லாவிட்டால் எவரையும் தண்டிக்க முடியாது என்பதும் உண்மை. இருந்தும் கேட்க வேண்டிய கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. அந்த மருந்து எங்கிருந்து வந்தது? யார் வாங்கினார்கள்? யார் கொடுத்தார்கள்? யாருக்கு எல்லாம் தெரியும்? கோமதியைக் கொண்டாடிய கேமராக்களில் எத்தனை இந்தக் கேள்விகளோடு திரும்பி வந்தன?

2011-இல் நாட்டுக்கே இந்தக் கேள்விகள் எழுந்தன. டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் 4×400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆறு பெண்கள் அடுத்தடுத்துச் சோதனையில் சிக்கினார்கள். உடுப்பிப் பக்கத்து விவசாயக் குடும்பத்து அஸ்வினி அக்குஞ்சி, கேரளத்தின் சினி ஜோஸ், ஒடிசாவின் சந்தால் பழங்குடிப் பெண் ஜவுனா முர்மு ஆகியோர் அதில் அடக்கம். பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக் தந்த ஜின்செங் சப்ளிமென்டைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். பயிற்சியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெண்களுக்கு லோசான் மன்றம் வரை போய் இரண்டாண்டுத் தடை உறுதியானது. ஒரே முகாம், ஒரே சமையலறை, ஒரே பயிற்சியாளர். ஆறு பேரும் ஒரே நேரத்தில் சிக்கினால் அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது என்றுதானே பொருள்? அந்த ஏற்பாட்டை நமக்குக் காட்டியிருக்க வேண்டியது ஒரு நல்ல ஆவணப்படம்.

அண்மைய நிலையையும் பாருங்கள். வாடா வெளியிட்ட கணக்கின்படி 2023-இல் இந்தியா சோதித்த 5,606 மாதிரிகளில் 213-இலும், 2024-இல் 7,113 மாதிரிகளில் 260-இலும் தடை செய்யப்பட்ட பொருள் தென்பட்டது. பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக உயர்ந்த விகிதமாக இருந்தது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஓட்டக்காரர்கள் மைதானத்தை விட்டே போய்விட்டார்கள். 100 மீட்டர் இறுதிச் சுற்றில் ஒரே ஒருவர் ஓடினார். அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். ஆனால் இரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே கரையேறும் என்ற நிலையில், அரை விநாடிக்கு அங்கே என்ன விலை என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

சாந்தியின் வழக்கு வேறு

சாந்தி மருந்து எடுத்தார் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை. செங்கல் சூளையில் உழைத்த பெற்றோருக்குப் பிறந்து, தோஹாவில் வெள்ளி வென்ற அவரைப் பாலினச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அதில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பைப் பற்றிய மருத்துவச் செய்தி, எந்த நோயாளிக்கும் ரகசியமாகக் காக்கப்பட வேண்டிய செய்தி, பத்திரிகைகளில் வந்தது. பின்னாளில் அவரும் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். அதன்பின் பயிற்சியாளராகி, அரசு வேலை பெற்று, பிள்ளைகளை ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஊரில் இன்றும் பலர் இரண்டையும் குழப்புகிறார்கள்: “சாந்தியும் ஏதோ மருந்து கேஸ்தானே?” இந்தக் குழப்பத்துக்கு ஆவணப்படம் மருந்தாக வேண்டும். 2013-இல் வந்த ‘எதிர்நீச்சல்’ திரைப்படத்தில் பாலினச் சோதனையால் வாழ்க்கை குலைந்த ஓட்டக்காரியாக வள்ளி வருகிறார். சாந்தியை நினைக்காமல் அந்தப் பாத்திரத்தைப் பார்க்க முடியாது. வணிகப் படத்தில் இந்த விஷயம் பேசப்பட்டதை நான் மதிக்கிறேன். ஆனாலும் வள்ளியின் துயரம் முன்கதையாகச் சொல்லப்படுகிறது. படம் முடியும்போது எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடுபவன் கதாநாயகன். ஓடத் தெரிந்த பெண், ஓடும் ஆணுக்குப் பயிற்சியாளராக ஓரத்தில் நிற்கிறார்.

2022-இல் கனடாவின் ஃபில்லிஸ் எல்லிஸ் எடுத்த ‘கேட்டகரி: உமன்’ ஆவணப்படம் இதை மாற்றிக் காட்டியது. எல்லிஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியவர். அவர் படத்தில் ஒடிசாவின் டூட்டி சந்த், உகாண்டாவின் ஆன்னெட் நெகெசா, கென்யாவின் மார்கரெட் வம்புய், எவாஞ்சலின் மகேனா ஆகியோர் தம் அனுபவத்தைத் தாமே சொல்கிறார்கள். விதியைப் பின்பற்றுவதற்காக அறுவை சிகிச்சைக்கு உள்ளாகி, அதோடு ஓட்ட வாழ்க்கையையே இழந்த நெகெசாவின் முகத்தைப் பார்த்தபின் ‘டெஸ்டோஸ்டிரோன் அளவு’ என்ற சொல்லை யாராலும் வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது. மைதானத்தில் இருந்தவர் கேமராவுக்குப் பின்னே நின்றதால் கேட்கும் கேள்விகளே மாறிவிடுகின்றன. பிரதிநிதித்துவம் என்று நான் சொல்வது இதைத்தான். திரையில் நாலு நிறத்து முகங்களை அடுக்குவதோடு அது முடிவதில்லை.

பிரான்ஸ் சொல்லும் பாடம்

ஜூலை வந்தால் பிரான்சில் இருக்கும் உறவினரோடு சேர்ந்து சைக்கிள் பந்தயம் பார்க்கும் வீடுகள் இந்நகரில் உண்டு. 1998 ஜூலை 8 அன்று, தூர் தெ பிரான்ஸ் தொடங்கவிருந்த வேளையில், ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட் பெல்ஜிய எல்லையில் கார் நிறைய மருந்தோடு பிடிபட்டார். வீரர்களுக்கு மசாஜ் செய்து, சாப்பாட்டுப் பை கட்டிக் கொடுப்பவர் அவர். ஒரு முழு அணியின் ரகசியமும் அந்த உதவியாளர் ஓட்டிய காரில் இருந்தது. மருந்து எடுக்க மறுத்த கிறிஸ்தோஃப் பாசோன், அடுத்த ஆண்டு பத்திரிகையில் உண்மையை எழுதியதற்காக மற்ற வீரர்களால் ஒதுக்கப்பட்டுப் பாதியில் பந்தயத்தை விட்டார்.

சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணியில் மசாஜ் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண் எம்மா ஓரெய்லி, ஊக்கமருந்து பற்றித் தாம் கண்டதைச் சொன்னது 2004-இல் பிரெஞ்சு மொழியில் வந்த ஒரு புத்தகத்தில். அதற்காக ஆர்ம்ஸ்ட்ராங் வழக்குத் தொடுத்தார். எம்மாவின் குணத்தை இழிவாகப் பேசினார். எம்மா சொன்னது உண்மை என்று உலகம் ஒப்புக்கொள்ள 2012 வரை ஆயிற்று. சாட்சி சொன்னவர் கூலிக்கு மசாஜ் செய்யும் பெண்ணாக இல்லாமல் ஒரு டாக்டராகவோ முன்னாள் சாம்பியனாகவோ இருந்திருந்தால் எட்டு ஆண்டு ஆகியிருக்குமா? யாரைக் கேட்கிறோம் என்பது நாகரிகம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. உண்மை எவ்வளவு சீக்கிரம் வெளிவரும் என்பதும் அதைப் பொறுத்தது.

ஒரு மறுப்பும் பதிலும்

“தண்டிக்கப்பட்டவருக்கெல்லாம் மைக் கொடுத்தால் ஏமாற்றியவர்களுக்கு அனுதாபம் தேடித் தருவதாகாதா? நேர்மையாக ஓடித் தோற்றவரின் கதி என்ன?” இந்தக் கேள்வி நியாயமானது. தோஹாவில் கோமதிக்குப் பின்னால் வந்த சீனாவின் வாங் சுன்யூ தங்கம் வென்றவராகப் பின்னர் அறிவிக்கப்பட்டார். மேடையின் உச்சியில் நின்று தேசிய கீதம் கேட்டிருக்க வேண்டிய அந்த நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரையும் படம் சந்திக்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர் இல்லாத படமும் பாதிப் படமே. பேச வைப்பது வேறு, விடுவிப்பது வேறு. ஸ்டெபனோவா தம் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் பேசினார்; அதனால்தான் அவர் சொன்னதை உலகம் நம்பியது.

தமிழில் ஒரு படம்

தமிழ் ஆவணப்படத்துக்கு இது புதிய பாதை இல்லை. 2003-இல் அமுதன் ஆர்.பி. எடுத்த ‘பீ’ படத்தில் மதுரைத் தெருவைச் சுத்தம் செய்யும் மாரியம்மாள் பேசினார். 2017-இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் பேசினார்கள். அதிகாரிகளின் பேட்டியால் விளங்காத பல விஷயங்கள் அவர்கள் பேச்சால் நமக்கு விளங்கின. அந்த மரபில் ஊக்கமருந்து பற்றி ஒரு முழுநீளத் தமிழ்ப் படம் வரவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்குச் சில நெறிகளை முன்வைக்கிறேன்.

ஓடியவர் தம் வட்டாரத் தமிழிலேயே பேசட்டும். மற்ற மொழிக்காரர்கள் துணையெழுத்துப் படித்துக்கொள்ளட்டும். பேச மறுக்கும் உரிமையும், வெளியாகும் முன் தம் பகுதியைப் பார்க்கும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். மருந்து வழக்கையும் பாலின விதி வழக்கையும் ஒருபோதும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. பயிற்சியாளர், மசாஜ் செய்பவர், சப்ளிமென்ட் விற்பவர், சங்க அதிகாரி ஆகிய நால்வரையும் அதே கடுமையோடு கேட்க வேண்டும். வறுமையை அலங்காரமாகக் காட்டக் கூடாது. ஏழை என்பதால் ஒருவர் குற்றவாளியும் ஆகமாட்டார், புனிதரும் ஆகமாட்டார். படக்குழுவில் முன்னாள் வீராங்கனைகள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இந்நகரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தடகள வழக்குகளின் முடிவுகள் மொனாக்கோவிலிருந்து ஆங்கிலத்தில் வருகின்றன. லோசான் மன்றத்தில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பவை பிரெஞ்சும் ஆங்கிலமும். முடிகண்டத்திலோ கத்தக்குறிச்சியிலோ இருக்கும் ஒரு குடும்பம், தன் மகளின் வாழ்க்கையை முடித்துவைக்கும் தாளை வாசிக்கவே இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து அறிந்த வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் முன்வந்து இந்தத் தீர்ப்புகளையும் விதிகளையும் எளிய தமிழில் தந்தால், படம் எடுப்பவருக்கு மூலப்பொருளும் ஓடுபவருக்குப் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைக்கும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஊடகத் துறை மாணவர்கள், பிள்ளைகள் ஓடிப் பழகும் உப்பளம் மைதானத்திலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம். ஆண்டுதோறும் இங்கு நடக்கும் திரைப்பட விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் விருது தருகிறோம். நாடக மேடையில் பெண்ணும் எளியவரும் பேசப் பாட்டும் வசனமும் எழுதித் தந்தவர் அவர். அவர் மறைந்த மண்ணில் இப்படியொரு படம் முதலில் திரையிடப்படுவது பொருத்தமாக இருக்கும்.

இங்கு வந்திருக்கும் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. பெயர் தெரியாத பொடியையோ மாத்திரையையோ ஊசியையோ யார் நீட்டினாலும், அது என்ன என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். அப்படி நீட்டியவரைப் பற்றி வெளியே சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்போது நம்பிக் கேட்கும் ஆட்களாக நாங்கள் இருக்க வேண்டும். எழுதுபவர்கள், படம் எடுப்பவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோருக்கும் அந்தக் கடமை இருக்கிறது. அதை ஏற்பதாக இந்த அவை இன்று முடிவு செய்தால், இந்தச் சொற்பொழிவால் பயன் விளைந்தது என்று மகிழ்வேன்.